இருபது நாளுக்கு ஒரு நாள்

பங்குனித் திங்கள் பிறந்ததும் நம்மவர் இல்லங்களில் ஊர்ப் பயணத்தைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. குலதெய்வத்துக்குக் கொடை வருகின்றது. தங்கை மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடப் போகின்றது. தாதரில் புகைவண்டி ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை நாளில் நெல்லைச் சீமையை அடைந்துவிடலாம். பயணச்சீட்டு வாங்குவதும் பெரிய காரியமன்று. ‘சுட்டி’ கிடைக்குமா, கிடைத்தால் அந்த நாள்களுக்குப் ‘பகார்’ உண்டா என்பதே தாராவியிலிருந்து செம்பூர் வரை எல்லாக் குடும்பங்களையும் வருத்துகின்ற கேள்வி.

சென்ற திங்கள் இப்பகுதியில் வருங்கால வைப்பு நிதியைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுமுறையைப் பற்றி எழுத விரும்புகின்றோம். ஆண்டு முழுதும் ஒரே இடத்தில், நாள்தோறும் எட்டு மணி நேரம் வேலை செய்கின்றவர்க்கு இதில் ஐயம் மிகுதியாக எழுவதில்லை. ஆண்டில் ஆறேழு திங்கள் மட்டும் வேலை செய்கின்றவர், இடையில் சேர்ந்தவர், இடையில் விலகியவர், சில நாள் முழுநேரமும் சில நாள் அரைநேரமும் உழைக்கின்றவர் ஆகியோரே திகைக்கின்றனர். “நான் வருடம் முழுவதுமா வேலை பார்த்தேன்? எனக்கு எப்படி லீவுச் சம்பளம் கேட்பது?” என்று தாமே தமக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிக்கொள்கின்றவர்களும் நம்மிடையே உளர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

விடுமுறை என்பது யாது?

விடுமுறை முதலாளியின் கருணையால் கிடைப்பது என்று நம் முன்னோர் எண்ணியிருந்தனர். அவர்கள் காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 1936ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, ஓராண்டு தொடர்ந்து உழைத்தவனுக்கு ஆறு வேலை நாளேனும் ஊதியத்தோடு ஓய்வு வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதனை விரிவாக வகுத்தது. ஓராண்டுத் தொடர்ப் பணி என்னும் நிபந்தனையை 1954ஆம் ஆண்டில் திருத்தி, ஆங்கில ஆண்டுக்குள் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று ஆக்கினர்.

அச்சட்டம் விதித்த அளவு மிக எளியது. வேலை செய்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒரு நாள் விடுமுறை. 280 நாள் உழைத்தவனுக்குப் பதினான்கு நாள். 300 நாள் உழைத்தவனுக்குப் பதினைந்து நாள். வகுத்த பின் அரை நாளோ அதற்கு மேலோ எஞ்சினால் அதனை முழு நாளாகக் கொள்ள வேண்டும். அரை நாளுக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்றும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது.

அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றோம். ‘ஆண்டுக்குப் பதினைந்து நாள்’ என்று சட்டம் சொல்லவில்லை. ‘இருபதுக்கு ஒன்று’ என்றே சொல்லிற்று. ஆகவே இருபதாம் நாள் மாலையில் வேலை முடித்துக் கை கழுவும்போதே ஒரு நாள் விடுமுறை தொழிலாளியின் கணக்கில் ஏறிவிடுகின்றது. அது கொடுக்கப்படாமல் முதலாளியிடம் தங்கியிருக்கின்ற கூலியின் ஒரு பகுதி. ஆண்டின் ஒரு பகுதி மட்டுமே உழைத்தவன் அந்தப் பகுதிக்குரியதை ஈட்டியே இருக்கின்றான். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் கணக்குகள் யாவும் எளிதில் விளங்கும்.

240உம் 180உம்

அவ்வாறாயின் 240 நாள் என்னும் வரம்பு எதற்கு? விடுமுறையை எடுத்துச் செல்வதற்கான வாயிற்படி அது. அந்தப் படி உயரமாக இருந்தமையால் நம்மவர் பலர் அதனைத் தாண்டவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ‘பதலி’ என்று அழைக்கப்பட்டவர்கள் விடியற்காலையில் ஆலை வாயிலில் வந்து நிற்பர். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வாராதிருந்தால்தான் அவர்களுக்கு அன்று வேலை. ஆண்டு முழுதும் நாள் தவறாமல் வாயிலுக்கு வந்திருப்பினும், உள்ளே சென்று உழைத்த நாள் 200 என்றால், 240க்கு நாற்பது குறைவு என்று அவர்கள் விடுமுறையின்றி நின்றுவிட நேரும்.

21.11.2025 அன்று நடுவண் அரசு நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்றான தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. அதன் 32ஆம் பிரிவு ஆண்டு விடுமுறையைப் பற்றியது. இருபதுக்கு ஒன்று என்னும் அளவு மாறவில்லை. வாயிற்படி மட்டும் 240இலிருந்து 180ஆகத் தாழ்ந்திருக்கின்றது. 200 நாள் உழைத்த ஒருவர் பழைய சட்டப்படி விடுமுறைக்குச் செல்லும் உரிமை இல்லாதவர். புதிய தொகுப்பின்படி பத்து நாளுக்கு உரியவர்.

ஆலையில் வேலை இல்லை என்று நிறுத்தி வைக்கப்பட்ட நாள்களும், மகப்பேற்று விடுப்பு நாள்களும், எடுத்துக்கொண்ட ஆண்டு விடுமுறை நாள்களும் அந்த 180இல் சேரும். ஆயின் அந்நாள்களுக்கு விடுமுறை ஊறாது. சான்றாக, ஒரு பெண்மணி 100 நாள் வேலை செய்து, அதே ஆண்டில் 26 வாரம் மகப்பேற்று விடுப்பில் இருந்தார் என்க. இரண்டையும் கூட்ட 180ஐத் தாண்டிவிடுகின்றது. ஆகவே வாயிற்படி கடந்தாயிற்று. விடுமுறையைக் கணக்கிடும்போது உழைத்த 100 நாளை மட்டும் இருபதால் வகுக்க வேண்டும். அவருக்குரியது ஐந்து நாள்.

இடையில் சேர்ந்தவர்

ஜனவரி முதல் நாளன்றே யாவரும் வேலையில் சேர்வதில்லை. ஊரிலிருந்து ஆகஸ்டு முதல் நாள் வந்து செம்பூரில் ஒரு பொறிப்பட்டறையில் சேர்ந்த இளைஞரை எடுத்துக்கொள்வோம். அன்று முதல் ஆண்டு முடிவு வரை எஞ்சியிருப்பன 153 நாள்கள். அவர் 180 நாளை எட்டுவது எங்ஙனம்? எட்ட வேண்டுவதில்லை. எஞ்சிய நாள்களில் நான்கில் ஒரு பங்கு வேலை செய்திருந்தால் போதும் என்பது புதிய தொகுப்பின் விதி. 153இல் நான்கில் ஒரு பங்கு முப்பத்தெட்டே கால். ஆகவே 39 நாள் உழைத்தால் அவர் உரிமை பெறுகின்றார். பழைய சட்டம் மூன்றில் இரண்டு பங்கு, அஃதாவது 102 நாள் கேட்டது. அந்த இளைஞர் டிசம்பர் முடிவுக்குள் 100 நாள் வேலை செய்திருந்தால், பழைய முறையில் இரண்டே நாள் குறைந்தமையால் விடுமுறை எடுக்க முடியாது. இப்பொழுது ஐந்து நாளுக்கு உரியவராகின்றார்.

இடையில் விலகியவர்

நம் மக்களுக்கு மிகுந்த இழப்பு ஏற்படுவது இவ்விடத்திலேதான். தாராவியில் தோல் பை தைப்போரும், ஆயத்த ஆடைப் பட்டறைகளில் உழைப்போரும், ஆண்டுக்கொரு முறை வேலையை விட்டுவிட்டு ஊருக்குச் சென்று, இரண்டு திங்கள் தங்கித் திரும்பி, வேறொரு ‘காலா’வில் புதிதாகச் சேர்வது நெடுநாள் வழக்கம். புறப்படும் நாளில் சேட்டிடம் சென்று, “சேட்ஜி, ஊருக்குப் போகிறேன், கணக்கு முடித்துத் தாருங்கள்” என்று கேட்பர். அவரும் அன்று வரையுள்ள கூலியைத் தந்து, முன்பணத்தைக் கழித்துக்கொண்டு, நல்லபடியாகப் போய் வரச் சொல்லுவார். இருவருக்குமிடையே பகையில்லை. ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கின்றது.

வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், தாமே விலகினாலும், அதுவரை ஊறிய விடுமுறைக்கு ஈடான ஊதியத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். 180 நாள் ஆகவில்லையே என்று இங்கே சொல்லுதற்கில்லை. தேவையான காலம் உழைத்திராவிடினும் கொடுக்க வேண்டும் என்று சட்டமே வெளிப்படையாகக் கூறுகின்றது. பழைய சட்டத்திலும் இவ்விதி இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கின்றது. விடுமுறையை எடுத்துச் செல்வதற்குத்தான் வாயிற்படி. விலகும்போது பணமாகப் பெறுவதற்கு வாயிற்படி இல்லை.

ஜனவரி முதல் மே வரை 120 நாள் வேலை செய்து, நாளொன்றுக்கு 700 ரூபாய் பெற்றவர் விலகுகின்றார் எனின், 120ஐ இருபதால் வகுக்க ஆறு நாள். ஆறு நாளுக்கு 4,200 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். விலகிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் இதனைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. செம்பூரை அடுத்த டிராம்பேப் பகுதியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது, ஒப்பந்தக்காரர் வழியே நாற்பது நாள் மட்டும் வந்து உழைத்துத் திரும்புகின்ற பற்றவைப்பாளரும் இவ்வாறே கணக்கிட்டுக் கேட்கலாம். நாற்பதுக்கு இரண்டு நாள். சிறு தொகைதான், ஆயினும் ஊருக்குச் செல்லும் பயணச்சீட்டின் விலைக்கேனும் உதவும்.

தொழிலாளி பணியிலிருக்கும்போதே இறந்துபட்டால், அவருடைய வாரிசுக்கோ நியமனம் பெற்றவருக்கோ இத்தொகை இரண்டு திங்களுக்குள் சேர வேண்டும். கணவனை இம்மாநகரில் பறிகொடுத்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு தொகை உண்டென்று யார் சென்று சொல்லுவார்? உடன் வேலை செய்தவர்களும், அறையில் உடன் தங்கியிருந்தவர்களுமே சொல்ல வேண்டும். வைப்பு நிதியைப் பற்றி எழுதிக் கேட்பவர்கள் இதனையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கேட்க மறக்கலாகாது.

நேரம் மாறி மாறி உழைப்பவர்

இனி, நாளுக்கு நாள் வேலை நேரம் மாறுகின்றவர் கணக்கு. இதில் இரண்டு வினாக்கள் கலந்து குழப்பம் தருகின்றன. எத்தனை நாள் விடுமுறை என்பது ஒன்று. அந்த நாளுக்கு எவ்வளவு ஊதியம் என்பது மற்றொன்று. முதலாவதை நாளைக் கொண்டு எண்ண வேண்டும். இரண்டாவதை ஈட்டிய கூலியைக் கொண்டு அளக்க வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு உண்டு. நாகபுரியில் ஒரு பீடித் தொழிற்சாலையில் எண்ணிக்கைக் கூலிக்குப் பீடி சுற்றுவோர், தாம் விரும்பிய நேரத்தில் வரலாம், விரும்பிய நேரத்தில் போகலாம். நண்பகலுக்குப் பின் வந்தால் மட்டும் அன்று வேலை இல்லை. அவர்களுள் சிலர் பதினைந்து நாள் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றனர். நிருவாகம் அந்நாள்களுக்கு ஊதியம் தரவில்லை. நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் தொழிலாளர்களே அல்லர் என்றும், எண்ணிக்கைக் கூலிக்காரர்க்கு விடுமுறை ஊதியம் கணக்கிட இயலாது என்றும் வாதம் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது பிர்திசந்து சர்மா வழக்கு என்று காணப்படுகின்றது. வரும் நேரமும் போகும் நேரமும் அவரவர் விருப்பம் ஆயினும் அவர்கள் தொழிலாளர்களே. அவர்களுக்கும் ஆண்டு விடுமுறை உண்டு. வேலை செய்த நாள்களில் ஈட்டிய கூலியைக் கொண்டே விடுமுறை ஊதியத்தைக் கணக்கிடலாம் என்று நீதிமன்றம் முடிவு கூறிற்று. நேரம் நிலையில்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் இத்தீர்ப்பு ஒரு துணை.

நம்மவர் பலருக்குத் தாய்வீடாகிய நெல்லைச் சீமையில் பெண்டிர் தத்தம் இல்லத் திண்ணையிலமர்ந்து பீடி சுற்றுவதை அறியாதார் இலர். சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையிலே கிடைத்த நேரத்தில் செய்யும் வேலை அது. அதனை எப்படி நாளாக எண்ணுவது? 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், நள்ளிரவு தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் எவ்வளவு நேரம் வேலை செய்திருந்தாலும் அது ஒரு நாளே என்று அவர்களுக்கு விளக்கம் தந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ, அரை நாளும் அதற்கு மேலும் செய்த வேலையை முழு நாளாகக் கொண்டு, அரை நாளுக்குக் குறைந்ததைத் தள்ளியது. இவ்விரண்டு சட்டங்களும் இப்பொழுது புதிய தொகுப்பினுள் அடங்கிவிட்டன. எனினும் அரைநேரம் உழைத்த நாளை நாளென்று மதிக்கும் வழக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதை இவற்றால் அறியலாம்.

ஊதியத்தின் கணக்கைக் காண்போம். விடுமுறைக்கு முந்திய திங்களில் வேலை செய்த நாள்களின் மொத்த வருவாயை, வேலை செய்த நாள்களின் எண்ணிக்கையால் வகுப்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறை. பஞ்சப்படி அதில் சேரும். மிகைநேரக் கூலியும் போனசும் சேரா. ஒருவர் எண்ணிக்கைக் கூலிக்குப் பை தைக்கின்றார். முந்திய திங்களில் 24 நாள் வேலை. பன்னிரண்டு நாள் முழு வேலை கிடைத்து நாளுக்கு 800 ரூபாயும், பன்னிரண்டு நாள் அரை வேலையே கிடைத்து நாளுக்கு 400 ரூபாயும் ஈட்டினார். மொத்தம் 14,400 ரூபாய். அதனை 24ஆல் வகுக்க 600 ரூபாய். இதுவே அவருடைய ஒரு நாள் விடுமுறை ஊதியம்.

ஆகவே இம்முறையில் வேலை மந்தமான திங்களை அடுத்து விடுமுறை எடுத்தால் ஊதியம் குறையும். வேலை நிறைந்த திங்களை அடுத்து எடுத்தால் உயரும். தீபாவளிக்கு முன் சரக்கு மிகுதியாக ஓடும் தொழிலில் இருப்பவர், தீபாவளி கழிந்ததும் ஊருக்குச் சென்றால் ஆதாயம் பெறுவார்.

கடைகளும் உணவகங்களும்

மாட்டுங்காவின் உணவகங்களிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு முன்பு 1948ஆம் ஆண்டுப் பம்பாய்க் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருந்தது. மூன்று திங்கள் வேலை செய்த எவருக்கும், உழைத்த ஒவ்வோர் அறுபது நாளுக்கும் ஐந்து நாள் விடுமுறை என்று அது கூறியது. பன்னிரண்டுக்கு ஒன்று என்றாகின்றது. 240 நாள் உழைத்தவருக்கு இருபத்தொரு நாள். ஆண்டின் ஒரு பகுதி மட்டும் உழைப்பவரை அச்சட்டம் மறக்கவில்லை.

அதன் இடத்தில் 19.12.2017 முதல் மகாராஷ்டிரத்தின் புதிய கடைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விடுமுறைக்கு 240 நாள் வேண்டும் என்றும், இருபதுக்கு ஒன்று என்றும் அது வகுத்தது. எட்டு நாள் தற்செயல் விடுப்பும், எட்டுப் பண்டிகை விடுமுறைகளும் ஊதியத்தோடு உண்டு. தற்செயல் விடுப்பு மூன்று திங்களுக்கொரு முறை பிரித்துக் கணக்கில் ஏற்றப்படுவதால், இடையில் சேர்ந்தவரும் அதனைப் பெறலாம். இச்சட்டம் தொடக்கத்தில் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களைத் தழுவியது. அவ்வெண்ணிக்கையை இருபதாக உயர்த்த 2025இல் அவசரச் சட்டம் பிறந்தது. பழையதற்குப் புதியது எல்லா வகையிலும் உயர்ந்தது என்று கொள்ளுதற்கில்லை.

கடைக்காரரும் ஆலைக்காரரும் சட்டத்தின் அளவுக்கு மேல் கொடுத்தால் தடையொன்றுமில்லை. சட்டம் வகுத்தது குறைந்த அளவே. அதற்கு மேலும் விடுமுறை வழங்கத் தொழில் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று பரோடாவைச் சேர்ந்த அலெம்பிக் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதும் 1961ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே காணப்படுகின்றது.

கடல் கடந்த நாட்டில்

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில், பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும் வந்து இசைக்கருவி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் விடுமுறை ஊதியத்தைப் பற்றிய வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 20.7.2022 அன்று தீர்ப்பாயிற்று. அங்கே அனைவர்க்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் விடுமுறை. ஆண்டின் சில வாரங்களில் மட்டும் உழைப்பவருக்கு அதனைக் குறைக்கலாமா என்பது வினா. ஆண்டு முழுதும் ஒப்பந்தம் நிலைத்திருக்கையில் குறைக்கலாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. பின்னர் அரசு சட்டத்தை மாற்றியது. 1.4.2024 அன்றோ அதன் பின்னரோ தொடங்கும் விடுமுறை ஆண்டு முதல், நேரம் நிலையில்லாதவர்க்கும் ஆண்டின் பகுதி மட்டும் உழைப்பவர்க்கும், உழைத்த நேரத்தில் நூற்றுக்கு 12.07 பங்கு விடுமுறையாக ஊறும். ஆண்டின் 52 வாரத்தில் 5.6ஐக் கழிக்க 46.4 எஞ்சும்; 5.6ஐ 46.4ஆல் வகுத்தால் வருவதே இந்த எண். நம் நாட்டு அளவு நூற்றுக்கு ஐந்து. அளவில் பெரிய வேறுபாடு உண்டு. ஆயினும் ‘உழைக்க உழைக்க ஊறுவது’ என்னும் கொள்கை இரு நாட்டிலும் ஒன்றே. பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் இதனை அவர்களுக்கு எழுதலாம்.

சட்டம் எட்டாத இடம்

மறைத்துப் பயனில்லை. தாராவியின் ‘காலா’க்களில் பலவற்றில் ஆறு பேர், எட்டுப் பேர் மட்டுமே வேலை செய்கின்றனர். புதிய தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் உழைக்கும் நிறுவனங்களையே நோக்குகின்றது. அதற்குக் குறைந்த இடத்தில் விடுமுறை ஊதியத்தைப் பேச்சினாலேயே பெற வேண்டும். பேசுவதற்கு ஏற்ற காலம் வேலையில் சேர்கின்ற நாள். கூலி எவ்வளவு என்று பேசும்போதே, “இருபது நாளுக்கு ஒரு நாள் எனக்கு உண்டு அல்லவா, சேட்ஜி?” என்று கேட்டுவிடுவது நன்று. நல்ல கைத்தொழிலாளியை இழக்க விரும்பாத எந்த முதலாளிக்கும் நூற்றுக்கு ஐந்து பெரும்பாரமன்று. அப்படிப்பட்ட பட்டறைகளுக்கு உரிமையாளராக நம்மவர் பலரும் உயர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கும் இவ்வேண்டுகோள் உரியது.

இன்னும் அணுக்கமான ஓரிடம் உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் இல்லங்களுக்கு நாள்தோறும் வந்து பாத்திரம் துலக்கித் துணி துவைத்துத் தரும் பெண்மணிகளுள் பலர் தாராவியிலிருந்து வருகின்ற நம் தமிழ்ப் பெண்களே. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம், மற்றொரு வீட்டில் இரண்டு மணி நேரம் என்று அவர்கள் உழைக்கின்றனர். மேலே கூறிய விடுமுறைச் சட்டங்கள் நம் வீட்டு வாயிலில் நின்றுவிடுகின்றன. அவர் ஊருக்குச் சென்று வந்த பதினைந்து நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் இல்லங்களும் உள; அதே இல்லத்துத் தலைவர் தம் அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு விடுபட்டுப்போனாலும் எழுதிக் கேட்பார். ஒரு மணி நேர வேலையாயினும் அவர் வந்த நாள் ஒரு நாளே. 300 நாள் வந்தவருக்கு நம் வீட்டுக் கணக்கில் பதினைந்து நாள் ஊறியிருக்கின்றது. சட்டம் கேளாவிடினும் நாம் கொடுக்கலாம்.

செய்ய வேண்டுவன

நாள்கணக்கைத் தொழிலாளி தாமே வைத்திருக்க வேண்டும். ஹாஜிரிப் புத்தகம் முதலாளியிடம் இருக்கின்றது. ஐயம் எழும்போது அது கைக்கு எட்டாது. ஆகவே ஒரு சிறு நாட்குறிப்பில் வேலை செய்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு போட்டு, அன்றைய கூலியையும் எழுதி வருக. கைபேசி வழியே கூலி வருமாயின் அந்தப் பதிவுகளை அழிக்காதிருக்க. இருபது கோடு நிறைந்ததும் அதன் மேல் ஒரு வட்டமிடுக. ஆண்டு முடிவில் வட்டங்களை எண்ணினால் விடுமுறை நாள் தெரிந்துவிடும்.

விடுமுறையை வாயால் கேட்காமல் எழுதிக் கேட்க வேண்டும். பதினைந்து நாளுக்கு முன் எழுதிக் கொடுப்பது ஆலைகளில் வழங்கி வந்த முறை. புகைவண்டிச் சீட்டுக்கோ 1.11.2024 முதல் அறுபது நாளுக்கு முன் பதிவு திறக்கின்றது. சீட்டு வாங்கிய அன்றே விடுமுறைக்கும் எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். எழுதிக் கேட்டு மறுக்கப்பட்ட விடுமுறை எத்தனை நாளாயினும் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். கேளாமல் விட்டது முப்பது நாள் வரையில்தான் செல்லும். ஆண்டு முடிவில் அதனைப் பணமாகக் கேட்டுப் பெறவும் புதிய தொகுப்பு இடந்தருகின்றது.

வார ஓய்வு நாளை விடுமுறைக் கணக்கில் சேர்க்கலாகாது. பத்து நாள் விடுமுறை உடையவர் திங்கட்கிழமை முதல் எடுத்தால், இடையில் வரும் ஞாயிறு நீங்க அடுத்த வியாழன் வரை செல்லும். முந்திய ஞாயிறும் சேரப் பன்னிரண்டு நாள் ஆகின்றது. போக்குவரவில் மூன்று நாள் கழிந்தாலும், பெற்றோரோடு ஒன்பது நாள் இருக்கலாம்.

எந்தச் சட்டம் தமக்குப் பொருந்தும் என்னும் ஐயம் உடையோர், பாந்திரா – குர்லா வளாகத்தில் காம்கார் பவனிலுள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தை அணுகுவார்களாக. மராட்டியில் எழுதத் தயங்குகின்றவர்கள், தம் நாட்குறிப்போடு நம் சங்க அலுவலகத்துக்கு வந்தால் எழுதித் தரும் அன்பர்கள் இருக்கின்றனர். வேலையை விட்டு ஊருக்குப் புறப்படுகின்றவர்கள், கணக்கு முடித்துக் கையொப்பம் இடுவதற்கு முன்பாகவே வருவது நலம். அடுத்த திங்கள் பணிக்கொடையைப் பற்றி எழுதுவோம்.